மலாயாவுக்குக் கப்பலேறிய தாத்தாவைத் தேடுவது எப்படி?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பெயரை வைத்துத் தேடாதீர்கள். "தாத்தா பேரு முனியாண்டி, தோட்டத்துல பால் வெட்டுனாரு, எந்த ஊருன்னு தெரியல, எங்க போய்த் தேடுறது" என்று கேட்பவர்கள்தான் அதிகம். மலாயாவின் (இன்றைய மலேசியா) ரப்பர்த் தோட்டங்களில் முனியாண்டிகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஃபிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, கப்பல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரும்பாலோர் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் திரட்டும் மேஸ்திரி, கூட்டிவந்தவர்கள், இல்லாவிட்டால் தாங்களாகவே ஆள் சேர்க்கும் டிப்போவுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவர்கள். அதனால் இணையத்தில் பெயரைத் தட்டினால் கப்பல் பட்டியல் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண்டைப் பிடியுங்கள். எந்த ஆண்டு வந்தார் என்று தெரிந்துவிட்டால், எப்படி வந்தார், யார் செலவில் வந்தார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், அவரைப் பற்றி என்ன தாள் மிஞ்சியிருக்கலாம் என்பதெல்லாம் பாதி தெரிந்துவிடும். இந்த நாட்டுக்கு ஆட்கள் அலை அலையாகத்தான் வந்தார்கள். எந்த அலை என்பதுதான் முதல் கேள்வி.

சரி, ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுப் பெரியவர்களிடம் "தாத்தா எந்த வருஷம் வந்தாரு" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தப்பாக இருக்கும். நடந்த சம்பவங்களை வைத்துக் கேளுங்கள். ஜப்பான்காரன் வந்தபோது அத்தை பிறந்துவிட்டாளா? பெரியார் மலாயாவுக்கு வந்தது 1929 கடைசியில், நேரு வந்தது 1937-ல். அந்தக் கூட்டங்களைப் பற்றி தாத்தா ஏதாவது சொல்லியிருக்கிறாரா? தோட்டத்தில் வேலை இல்லாமல் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது இங்கே இருந்தாரா? வந்த கப்பலின் பெயர் என்ன? இப்படிக் கேட்டால் கிழவிகளின் ஞாபகம் ஆச்சரியப்படும்படி வேலை செய்யும்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை, தாத்தா 1920-ல் ராஜுலா கப்பலில் வந்தார் என்பது. நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ராஜுலா கட்டப்பட்டதே 1926-ல்! அதற்கப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியதால், ஜெராக்ஸ் மாதிரி அந்தப் பெயரே எல்லாக் கப்பலுக்கும் ஆகிவிட்டது. ஆக, ஒன்று ஆண்டு தப்பு, இல்லை கப்பல் தப்பு. அப்பாவின் அக்கா 1931-ல் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவர் என்பதற்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது, பாட்டி இங்கே வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அத்தை பிறந்தாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்படியென்றால் பாட்டி வந்தது 1929 வாக்கில். தாத்தா அதற்கு முன்னால் தனியாக வந்து, திரும்பிப் போய்க் கல்யாணம் முடித்துக் கூட்டிவந்திருக்கிறார். 1920-ம் உண்மை, ராஜுலாவும் உண்மை, இரண்டு தனித்தனிப் பயணங்கள் ஒரே கதையாகிவிட்டன. இது அடிக்கடி நடக்கும். போவதும் வருவதுமாக இருந்தவர்கள்தான் அதிகம், ஒரே தடவையாக வந்து தங்கியவர்கள் குறைவு.

இப்போது அலைகளைப் பார்ப்போம். வீட்டுக் கதையை இந்தச் சல்லடையில் போட்டு அலசுங்கள்.

1910-க்கு முன்னால் என்றால் ஒப்பந்தக் கூலியாக வந்திருக்க வாய்ப்பு உண்டு. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த புரொவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள், அப்புறம் காப்பி, அப்புறம்தான் ரப்பர். சஞ்சிக்கூலி என்ற சொல்லை இங்கே எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஜாஞ்சி என்றால் மலாயில் வாக்கு, ஒப்பந்தம். கப்பல் செலவு கடனாக நிற்கும், அது தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது, ஓடினால் ஜெயில். 1910-ல் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள், மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் அடுத்த சில ஆண்டுகளில் முடிந்தன.

நிறுத்தியது மனசு இளகி அல்ல. அதற்குள் ரப்பர் விலை ஏறி, காடு முழுக்கக் கித்தா (ரப்பர்) மரம் நட்டுவிட்டார்கள், ஒப்பந்த முறையில் வந்த ஆள் போதவில்லை. 1907-ல் ஒரு சட்டம் போட்டுக் குடியேற்ற நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ் ஆட்களை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லோரும் அதில் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் ஆட்களுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம். கடன் இல்லாமல் வரலாம், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்கும் போகலாம் என்பது ஏட்டில் இருந்த உரிமை. கங்காணியின் கையில்தான் எல்லாம் என்பது நடப்பு. உங்கள் தாத்தா தோட்டத் தொழிலாளி என்றால், 1907-க்கும் 1938-க்கும் நடுவில் இந்த வழியில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த முப்பது ஆண்டுகளிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். 1930-ல் ரப்பர் விலை விழுந்து, ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இருந்தவர்களிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் திருப்பி அனுப்பினார்கள். 1934-ல்தான் மறுபடி ஆள் எடுத்தார்கள், அதுவும் பெரும்பாலும் கங்காணி இல்லாமல் தாங்களாக டிப்போவுக்கு வந்தவர்களை. ஆக "1932-ல கங்காணி கூட்டிட்டு வந்தாரு" என்று யாராவது சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். 1938-ல் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க, இந்திய அரசு இலவச டிக்கெட்டில் கூலியாட்கள் போவதையே தடைசெய்தது. அதோடு தோட்ட அலை முடிந்தது.

அதற்கு அப்புறம் வந்தவர்கள் சொந்தக் காசில் வந்தவர்கள்: கடைக்காரர், கடைச் சிப்பந்தி, உறவுக்காரர் அழைப்பில் வந்த பையன்கள். 1953-லிருந்து குடிநுழைவுச் சட்டம் இறுகி அதுவும் சுருங்கியது. செட்டியார்கள், நாகூர் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள், ரயில்வேயிலும் ஆபீசிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர்கள் இவர்கள் கதை முழுக்க வேறு. நல்ல கணக்குப் புத்தகமும், சம்பளப் பதிவும், படித்தவர்கள் எழுதிய கடிதமும் அவர்களுக்கு உண்டு. அவர்களைத் தேடுவது ஒப்பீட்டில் சுலபம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி வீட்டில் இருக்கும் தாள்கள். தகரப்பெட்டியைத் திறங்கள். அடையாள அட்டை 1948-ல் அவசரகாலம் தொடங்கியபோது வந்தது. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைநாட்டும் எடுத்தார்கள், நிறையத் தாத்தாக்களின் முதல் போட்டோவே அதுதான். பழைய அட்டை இருந்தால் இரண்டு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மை மங்கிக்கொண்டே போகும். பின்னால் வந்த அட்டை என்றால் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் குடிமகன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி மட்டும். சிவப்பு அட்டையோடே செத்துப்போன பெரியவர்கள் எத்தனையோ பேர். எழுதப் படிக்கத் தெரியாமல், யாரும் எடுத்துச் சொல்லாமல், "இத்தன வருஷம் இருந்துட்டோம், இனி என்ன தாளு" என்று மனு போடாமலே விட்டுவிட்டார்கள். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்றபோதுதான் அந்தத் தாளின் விலை தெரிந்தது, பலர் குடும்பத்தோடு மறுபடி கப்பலேறினார்கள். உங்கள் குடும்பத்தில் ஒரு கிளை 1970 வாக்கில் திடீரென்று காணாமல் போயிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், அவர்களைத் தமிழ்நாட்டில் தேடுங்கள்.

அப்பா அம்மாவின் புதிய அட்டையில் 12 எண்கள் இருக்கும். முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். 08 என்றால் பேரா, 02 கெடா, 10 சிலாங்கூர், 01 ஜொகூர், 05 நெகிரி செம்பிலான். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். "அப்பா சிலாங்கூர்ல பொறந்தாரு" என்று வீட்டில் சொல்லி, அட்டையில் 08 இருந்தால் அட்டையை நம்புங்கள். நான் பார்த்த வரை ஊர் விஷயத்தில் ஞாபகத்தைவிட எண் மேல்.

பிறப்புப் பத்திரத்தில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் இருக்கும், தகப்பன் தொழிலும் இருக்கும். பெயர் எழுத்தில் மட்டும் அதிர்ச்சி அடைய வேண்டாம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், அதை மலாய் குமாஸ்தா இன்னொரு தாளில் பெயர்த்தார். ஒரே அண்ணன் தம்பிகளுக்குத் தகப்பன் பெயர் சுப்பையா, சுப்பன், சுப்ரமணியம் என்று மூன்று விதமாக இருக்கும், மூன்றும் ஒரே ஆள். தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்தான் உயிர். எங்களிடம் இருந்தது தண்ணீர் பட்டு மங்கிய ஒரே ஒரு மணியார்டர் ரசீது. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும்தான் தெரிந்தன, நடுவில் பழுப்புக் கறை. அப்பா அதைக் குழித்துறை என்று படித்துவிட்டார், கன்னியாகுமரிப் பக்கம். வருஷக்கணக்காக நாங்கள் குழித்துறைக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டோம்! சந்தேகம் வந்தது இரண்டு காரணத்தால். குழித்துறை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். எங்கள் தோட்டத்துச் சனத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கத்துப் பேச்சு பேசியதில்லை. இன்னொன்று, அத்தை ஒருநாள் பேச்சுவாக்கில் "நம்ம கொலசாமி அண்ணமாரு" என்றாள். அண்ணமார் என்கிற பொன்னர் சங்கரைக் கும்பிடுகிறவர்கள் கொங்கு, கரூர், மணப்பாறைப் பக்கம். வீரப்பூர்த் திருவிழா அங்கேதான். மறுபடி ரசீதை வெயிலில் பிடித்துப் பார்த்தால் கரூர்ப் பக்கத்துக் குளித்தலை!

அதனால் சொல்கிறேன், ஊர் மறந்த குடும்பத்துக்கும் குலதெய்வம் ஞாபகம் இருக்கும். மாரியம்மனும் முனியாண்டியும் எல்லாத் தோட்டத்திலும் உண்டு, அதில் துப்பு கிடைக்காது. பச்சையம்மன், மன்னார்சாமி என்றால் ஆற்காட்டுப் பக்கம் பாருங்கள், சுடலைமாடன் என்றால் திருநெல்வேலிச் சீமை. பாட்டி சமைக்கும்போது சொன்ன சொற்கள், தாலாட்டு, முதல் பிள்ளைக்கு எங்கே மொட்டை போட்டார்கள் என்ற பேச்சு, இதெல்லாம் தாளைவிட நல்ல சாட்சி.

இன்னொரு வழி, இதைப் பலர் யோசிப்பதே இல்லை: பக்கத்து லயத்துக்காரர்களைத் தேடுங்கள். கங்காணி என்பவர் தோட்டத்திலேயே வேலை செய்த ஒரு மூத்த ஆள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கும் போய், சொந்தக்காரன், தெரிந்தவன், கடன்பட்டவன் என்று திரட்டி, கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி, நாகப்பட்டினம் அல்லது ஆவடி டிப்போவில் கொண்டுபோய் நிறுத்துவார். அவர் கூட்டிவந்தவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஒரே தோட்டத்தில் ஒரே வட்டாரத்து ஆட்கள் குவிந்திருப்பார்கள். உங்கள் தாத்தா ஊர் தெரியாவிட்டாலும், அடுத்த வீட்டுப் பெரியவரின் ஊர் தெரிந்தால் பத்து மைல் சுற்றளவுக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய தாளில் மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அன்றைய திருச்சிராப்பள்ளிக்குள் இன்றைய பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அடக்கம், தஞ்சாவூருக்குள் நாகையும் திருவாரூரும், தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலத்துக்குள் தருமபுரி. தாலுகாப் பெயர் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாவட்டத்தை விட்டுவிடுங்கள்.

இங்கேயும் பெயர்கள் மாறிவிட்டன. போர்ட் சுவெட்டன்ஹாம் இப்போது கிள்ளான் துறைமுகம், தெலுக் ஆன்சன் இப்போது தெலுக் இந்தான், போர்ட் வெல்ட் கோலா செப்பெத்தாங், புரொவின்ஸ் வெல்லஸ்லி செபராங் பிறை. அதைவிடக் கஷ்டம் தோட்டப் பெயர். வெள்ளைக்கார கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். சில இடத்தில் நம் பெயரே பத்திரத்திலும் ஏறிவிட்டது: 1917-ல் நாட்டிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட சிலாங்கூர்த் தோட்டத்தின் பெயர் தென்னமரம். தாத்தா சொன்ன தோட்டப் பெயர் வரைபடத்தில் இல்லை என்றால் அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், "அது நம்ம ஆளுங்க சொல்ற பேரு, கம்பெனி பேரு வேற" என்று உடனே சொல்வார்கள்.

தோட்டமே இல்லையென்றால்? இல்லாமல்தான் இருக்கும். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். அதைப் பார்த்துத்தான் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி.சம்பந்தன் தொழிலாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். அப்புறம் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். அதற்கும் அப்புறம் வீடமைப்புத் திட்டம், நெடுஞ்சாலை. லயமும் கோயிலும் போய், சனம் பட்டணத்துப் புறம்போக்கில் ஒதுங்கியது. மூன்று தலைமுறை ஒரே இடத்தில் இருந்தும் ஒரு சாண் நிலம் இல்லாமல் வெளியேறியவர்கள் இவர்கள், இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

ஆனால் தோட்டம் போனாலும் பள்ளிக்கூடம் நின்றிருக்கும். 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். மாட்டுக் கொட்டகையில் கங்காணியே வாத்தியாராக நடத்திய பள்ளிகளும் அதில் அடக்கம். இன்றும் நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பலவற்றின் பெயர்ப் பலகையில் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்ற சொல்லோடு அழிந்துபோன தோட்டத்தின் பெயர் அப்படியே இருக்கும். பள்ளி இடம் மாறியிருந்தாலும் போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்பாவோ அத்தையோ படித்திருந்தால் தகப்பன் பெயரும் சேர்ந்த தேதியும் கிடைக்கலாம். கோயிலுக்கும் போங்கள், உபயம் செய்தவர் பெயர் பொறித்த கல்லையும் மணியையும் படமெடுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் ஆள் காணாமல் போயிருந்தால் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 1942, 43-ல் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டுபோன தோட்டத்து ஆட்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. "சயாமுக்குப் போனாரு, வரல" என்ற வீட்டுப் பேச்சு ஒன்றே பதிவாக இருக்கலாம். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று அதையே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இணையத்தில் உட்காருகிறவர்களுக்கு: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய பத்திரிகைத் தளத்தில் 1935-ல் தொடங்கிய தமிழ் முரசும், அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளும் இருக்கின்றன. அங்கே தாத்தா பெயரைவிடத் தோட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள். வேலைநிறுத்தம், கோயில் திருவிழா, விபத்து, தோட்டம் கைமாறியது என்று துண்டுச் செய்திகள் வரும், அதிலிருந்து ஆண்டைக் கணிக்கலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம், சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம் இரண்டும் கடைசிப் படி. ஆண்டும் ஊரும் கையில் இல்லாமல் அங்கே போய் நிற்பது வீண்.

ஊர் கிடைத்துவிட்டது, போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 'மலாயாக்காரர் வீடு', 'பினாங்கு வீடு' என்று ஏதாவது இருக்கிறதா என்று டீக்கடையில் கேளுங்கள். மணியார்டர் பணத்தில் வாங்கிய நிலம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் இருக்கும். ஆனால் போன முதல் நாளே பத்திரம், பட்டா என்று வாயைத் திறக்காதீர்கள். பங்கு கேட்க வந்தவன் என்று நினைத்து வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும், எனக்கே ஒரு வீட்டில் அப்படி ஆனது. தாத்தாவுக்கு ஊரில் இன்னொரு மனைவி, பிள்ளைகள் இருந்திருக்கலாம் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். காத்திருந்தே காலம் தள்ளிய ஒரு பெரியம்மாவின் பேரன்தான் உங்களுக்குக் காப்பி கொடுப்பவராக இருக்கலாம், அவரிடம் கேட்பதற்கு முன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நான் தாத்தாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோயிருந்தேன். குளித்தலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் இருந்த ஒரு பாட்டி அதை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது எங்க அப்பா காது" என்றார். அதற்கப்புறம் யாரும் என்னிடம் தாள் எதுவும் கேட்கவில்லை.